கார்டிஃபில் சேர்ந்த கூட்டம்

புது நாட்டில் வேலை, வாடகை வீடு, வங்கிக் கணக்கு எல்லாம் அலைந்து திரிந்தாவது முடிந்துவிடும். மதியச் சாப்பாட்டு வேளையில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது நாமும் வாயைத் திறக்க ஒரு விஷயம் கிடைப்பதற்குத்தான் நாளாகிறது. 2018 கோடையில் வேலை கிடைத்து வேல்ஸின் தலைநகரான கார்டிஃபுக்கு வந்தேன். ஆங்கிலம் தெரியும், உடன் வேலை பார்ப்பவர்களும் தங்கமானவர்கள். ஆனால் பேச்சு எப்போதும் சின்ன வயதில் பார்த்த நிகழ்ச்சி, அப்பா கூட்டிப்போன ரக்பி ஆட்டம், எப்போதோ மூடிப்போன கடை என்றே ஓடும். அதில் எதுவும் என்னிடம் இல்லை. எல்லோரும் சிரிக்கிற இடத்தில் நானும் சிரித்துவிட்டு எழுந்து வருவேன்.

அந்த இலையுதிர் காலத்தில் அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு. 'டாக்டர் ஹூ' என்ற பிபிசி தொலைக்காட்சித் தொடரில் முதல்முறையாக ஒரு பெண், நாயக வேடமான டாக்டராக வரப்போகிறார். பெயர் ஜோடி விட்டேக்கர். அக்டோபர் 7, ஞாயிறு மாலை ஒளிபரப்பு. இங்கே டிவியை நேரலையில் பார்க்க உரிமம் வாங்க வேண்டும். அந்த வருஷம் அதற்கு 150 பவுண்டு 50 பென்ஸ். வந்த புதிதில் அந்தச் செலவு எதற்கு என்று டிவியே இல்லாமல் இருந்தேன். பக்கத்து மேசையில் வேலை பார்க்கும், என் அம்மா வயதிருக்கும் அம்மையார் விஷயத்தைக் கேட்டதும் "அப்போ ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள், கூட்டமாகத்தான் பார்க்கப்போகிறோம்" என்றார். போனேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. நீல நிறத்தில் பழைய போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலிருக்கும் கலத்தில் காலத்தையும் வெளியையும் கடந்து சுற்றுபவர். சாகும் நிலை வந்தால் உடலும் முகமும் மாறி வேறொருவராகிவிடுவார். 1966-ல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல் விலகியபோது தொடரை நிறுத்தாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. 1963 நவம்பர் 23-ல் தொடங்கிய தொடர் 1989-ல் நின்றுபோய், 2005-ல் மீண்டும் உயிர்பெற்றது இதே கார்டிஃபில்தான். 'ரோஸ்' என்ற அந்த 2005 அத்தியாயத்தில் கடைப் பொம்மைகள் உயிர்பெற்று ஆட்களைத் தாக்கும் இடம் லண்டன் என்று காட்டுவார்கள். படம்பிடித்தது குவீன்ஸ் ஆர்கேடில், நான் குளிருக்குக் கையுறை வாங்கிய அதே வளாகத்தில்.

அந்த வீட்டில் பதினைந்து வயதுப் பையனும் இருந்தான், எழுபது தாண்டிய பெரியவரும் இருந்தார். எல்லோரும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர் என்பதல்ல, இதற்கு முன் எதையாவது பார்த்திருக்கிறேனா என்பதுதான். இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். "அடடா, எல்லாமே உங்களுக்கு இனிமேல்தானா!" பெரியவர் ஒரு காகித உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுத ஆரம்பித்தார்: முதலில் 'ரோஸ்', அப்புறம் 2007-ன் 'பிளிங்க்', அப்புறம் 2010-ன் 'வின்சென்ட் அண்ட் தி டாக்டர்'. பழைய கறுப்பு வெள்ளைப் பக்கம் பிறகு போகலாமாம். உடனே பையன் குறுக்கே விழுந்தான், 'பிளிங்க்'தான் முதலில் என்று. அந்த விவாதம் அரை மணி நேரம் நடந்தது. புதிதாக வந்த ஒருத்திக்காக இவ்வளவு அக்கறையாகச் சண்டை போட்டவர்களை நான் அதுவரை அந்த ஊரில் பார்த்ததில்லை.

இந்த ரசிகர்களுக்கு ஏன் இப்படி ஒரு மனசு என்பது பின்னால்தான் புரிந்தது. அந்தக் காலத்தில் பிபிசி ஒளிபரப்பிய நாடாக்களை அழித்துத் திரும்பப் பயன்படுத்தியது. அப்படி 1960-களின் அத்தியாயங்கள் பல தொலைந்துபோயின, இன்றும் 90-க்கும் மேற்பட்டவற்றுக்குப் படம் கிடையாது. ஆனால் அத்தனைக்கும் ஒலி இருக்கிறது. அன்றைய சிறுவர்களும் இளைஞர்களும் வீட்டு டிவியின் ஒலியை டேப் ரெக்கார்டரில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அந்த ஒலிக்கு இப்போது அனிமேஷன் சேர்த்து வெளியிடுகிறார்கள். 2013-ல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்துத் தொலைக்காட்சி நிலையத்தில் ஒன்பது அத்தியாயங்களின் சுருள்கள் கிடைத்ததைப் பெரியவர் சொல்லும்போது, தொலைந்த பிள்ளை வீடு வந்த மாதிரி கண் கலங்கினார். இப்படிக் கட்டிக்காப்பவர்களுக்குத் தாமதமாக வருபவர் அந்நியரல்ல, பொருளை ஒப்படைக்கக் கிடைத்த இன்னொரு ஆள்.

அந்தப் பெரியவரேதான் எனக்கு இன்னொன்றும் சொன்னார். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அப்போது வயது 24. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27. ஆண்களே நிறைந்திருந்த அலுவலகத்தில் ஓர் இளம்பெண்ணும் ஓர் இந்திய இளைஞரும் சேர்ந்து தொடங்கி வைத்த தொடர். அதைக் கேட்டபிறகு எனக்கும் அதில் பங்கு இருப்பதாகவே பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நவம்பர் 11 அன்று 'டெமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' ஒளிபரப்பானது. எழுதியவர் வினய் படேல். டாக்டரோடு பயணம் செய்யும் யாஸ், 1947 ஆகஸ்டில் தன் பாட்டியின் இளவயதைப் பார்க்கப் போகிறாள். இந்தியா-பாகிஸ்தான் எல்லைக்கோடு விழும் நேரத்தில் முஸ்லிம் பெண்ணான அந்தப் பாட்டி உம்ப்ரீனுக்கும் இந்து இளைஞன் பிரேமுக்கும் கல்யாணம். இரண்டாம் உலகப்போரில் சண்டை போட்டுத் திரும்பிய பிரேமை, அவன் தம்பியே சேர்ந்துகொண்ட கும்பல் கொன்றுவிடுகிறது. முடிவில் வழக்கமான இசைக்குப் பதிலாக நம் பக்கத்துக் குரலிலும் தாளத்திலும் அதே இசை வந்தது. அறையில் யாரும் எழுந்திருக்கவில்லை. முதலாம் உலகப்போர் முடிந்து நூறு ஆண்டு நிறைந்த நாள் அது, போரில் இறந்தவர்கள் நினைவாக எல்லோர் சட்டையிலும் சிவப்புப் பாப்பி மலர் இருந்தது.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் அந்த அம்மையார் என்னிடம் திரும்பி, "இதெல்லாம் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தரவே இல்லை, நிஜமாகவே இப்படி நடந்ததா?" என்று கேட்டார். நான் தமிழ்நாட்டுக்காரி, பிரிவினை எனக்கும் பாடப்புத்தகம் வழியாக வந்ததுதான். அதையும் சொல்லிவிட்டு, ராட்கிளிஃப் என்பவர் அதற்குமுன் இந்தியாவுக்கே வராதவர், ஐந்தே வாரத்தில் அந்த எல்லைக்கோட்டைப் போட்டார் என்று தெரிந்தவரை சொன்னேன். மேசையே கேட்டுக்கொண்டிருந்தது. இங்கே நான் பேச, மற்றவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை.

அப்புறம் அந்தக் கூட்டத்தோடு நான் ஊரையே சுற்றினேன். வின்சென்ட் வான்கோவை டாக்டர் இன்றைய பாரிஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிவந்து, அவருடைய ஓவியங்களை உலகம் கொண்டாடுவதைக் காட்டும் காட்சி ஒன்று உண்டு. அதை எடுத்தது கார்டிஃப் தேசிய அருங்காட்சியகத்தில். அனுமதி இலவசம். அந்தக் கூடத்தில் நின்று பார்த்துவிட்டு, அதே கட்டடத்தில் தொங்கிய உண்மையான வான்கோ ஓவியத்துக்குப் பெரியவர் அழைத்துப்போனார். ஓவேர் ஊரின் மழை, 1890-ல் இறப்பதற்குச் சற்றுமுன் வரைந்தது. மஞ்சள் வயல்மீது நீலச் சாம்பல் கோடுகள், சாய்வாக, பக்கத்தில் போய்ப் பார்த்தால் அவசரமாகக் கீறியவை போலத் தெரியும். வெளியே வந்தால் அதே மாதிரி சாய்ந்து அடிக்கும் கார்டிஃப் மழை. அதற்குப்பின் மழைக்காகச் சலித்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

போன வருஷம் கேரளாவிலிருந்து ஒரு பெண் எங்கள் பிரிவில் சேர்ந்தாள். தொடரைப் பற்றி அவளே கேட்டாள். நான் ஒரு தாளில் 'பிளிங்க்' முதலில், 'டெமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்' இரண்டாவது, 'ரோஸ்' அதற்கப்புறம் என்று எழுதிக் கொடுத்தேன். விஷயம் தெரிந்த பெரியவர், ஜோடி விட்டேக்கரை அதற்குள் காட்டிவிட்டால் வரிசை கெட்டுவிடும் என்கிறார். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு என் வரிசைதான் சரி என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.