எங்கள் கணினி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது? திருகோணமலை உப்புவெளி வீட்டில் அளந்து பார்த்தேன்

சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டியான பவர் சப்ளையில் "450 வாட்" என்று ஒட்டியிருக்கிறது. அதைப் பார்த்த தம்பி, "அண்ணா, அப்படியென்றால் இரண்டு மணி நேரம் விளையாடினால் ஒரு யூனிட் போய்விடுமே" என்று கணக்குச் சொன்னான். அந்த எண் பெட்டியால் கொடுக்கக்கூடிய உச்ச அளவுதான், அது எந்நேரமும் இழுக்கும் அளவு அல்ல. இதை எத்தனை முறை விளக்கினாலும் அம்மா ஏற்கவில்லை. மின்பட்டியல் ஏறுவதற்குத் தம்பியின் விளையாட்டுத்தான் காரணம் என்பது அவருடைய தீர்ப்பு. வாதாடிப் பயனில்லை, அளந்துவிடலாம் என்று இறங்கினேன்.

காசு செலவில்லாத வழியை முதலில் எடுத்தேன். வாசலில் இருக்கும் மின்மானியில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். எங்கள் மானியின் முகப்பில், ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, 1600 துடிப்பு என்று அச்சிட்டிருக்கிறது. ஒரு துடிப்பு என்பது ஒரு சிமிட்டல். ஒரு மணி நேரம் என்பது 3600 விநாடி. ஆகவே 3600-ஐ 1000-ஆல் பெருக்கி 1600-ஆல் வகுத்தால் 2250 வருகிறது. இரண்டு சிமிட்டல்களுக்கு இடையிலான விநாடிகளால் இந்த 2250-ஐ வகுத்தால், அந்தக் கணத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்பது தெரிந்துவிடும். தட்டு சுழலும் பழைய மானி உள்ளவர்களும் இதே முறையில் அளக்கலாம். ஒரு யூனிட்டுக்குத் தட்டு எத்தனை சுற்று சுற்றும் என்பது அதன் முகப்பில் எழுதியிருக்கும், துடிப்புக்குப் பதிலாக அதைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறிகள், ரவுட்டர், மின்வெட்டில் கணினியைத் தாங்கும் பற்றரிப் பெட்டியான யுபிஎஸ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணினியையும் திரையையும் மட்டும் சுவரில் நேரடியாகச் செருகினேன். வேலை எதுவும் கொடுக்காமல் விட்டபோது 36 விநாடிக்கு ஒரு சிமிட்டல் வந்தது. அதாவது 62.5 வாட். மின்சாரத்தில் தேர்ச்சி இல்லாத ஒருவர்கூட, கைத்தொலைபேசியின் நிறுத்தற்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு துல்லியமாக அளக்க முடிகிறதே என்று அன்று பெரும் மகிழ்ச்சி.

ஆனால் ஒவ்வொரு முறையும் வீட்டையே இருட்டாக்க முடியாது. மத்திய வீதிக் கடையொன்றில், செருகியில் பொருத்தும் சிறிய வாட் மானி ஒன்றை வாங்கினேன். வாங்குபவர்கள் மூன்று சதுரப் பின் கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள். எங்கள் பக்கம் கடல் காற்றில் செருகியின் பித்தளைப் பின்கள் பச்சை பிடித்துவிடும். தொடர்பு தளர்ந்த இடத்தில் சூடேறும், அதனால் பின்களைத் துடைத்த பிறகே செருகினேன். முதல் அளவீடு கணினி 41, திரை 21, மொத்தம் 62 வாட். வாசல் மானியும் இதுவும் ஒத்துப்போனதால் இந்தக் கருவியை நம்பலாம் என்று முடிவு செய்தேன்.

கருவி ஆம்பியரையும் காட்டுகிறது. 0.45 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 103 வருகிறது, வாட் என்ற இடத்திலோ 62 மட்டும்தான். மலிவான பவர் சப்ளைகள் மின்னோட்டத்தைச் சீராக இழுக்காமல் அலையின் உச்சியில் மட்டும் வெட்டி வெட்டி இழுப்பதால் வரும் வித்தியாசம் இது. வாட்டை அந்த வோல்ட் ஆம்பியர் பெருக்கலால் வகுத்தால் வருவதைத் திறன் காரணி என்பார்கள், எங்களுடையது 0.6. வீட்டுப் பட்டியலில் வாட் கணக்குத்தான் ஏறும், ஆகவே பணத்துக்குப் பயப்படத் தேவையில்லை. யுபிஎஸ் வாங்கும்போது மட்டும் வோல்ட் ஆம்பியர் எண்ணையும் பார்க்க வேண்டும். மாலையில் தெருவெல்லாம் விளக்குப் போடும் நேரம் மின்னழுத்தம் 218 வரை இறங்குகிறது. அப்போதும் வாட் அசைவதில்லை, ஆம்பியர்தான் கூடுகிறது.

அடுத்தது விளையாட்டு. கணினி மட்டும் 140 வாட், திரையோடு சேர்த்து 161. தம்பி பயந்த 450-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. காணொளி பார்க்கும்போது கணினிக்கு 50 வாட் போதுமாக இருந்தது.

என்னை அதிகம் யோசிக்கவைத்தது சும்மா இருக்கும்போது போகும் அந்த 41 வாட்தான். செயலியின் மின்செலவைக் காட்டும் மென்பொருளில் அப்போது 9 வாட்தான் தெரிந்தது. மீதி தாய்ப்பலகை, நினைவகம், வட்டு, காற்றாடிகள், கிராஃபிக்ஸ் அட்டை, அதோடு பவர் சப்ளையின் சொந்த இழப்பு. பவர் சப்ளைகளுக்குத் தரப்படும் 80 பிளஸ் என்ற தர முத்திரையின் அடிப்படை நிலை, 20, 50, 100 சதவீதச் சுமைகளில், சுவரிலிருந்து இழுப்பதில் குறைந்தது 80 சதவீதம் கணினிக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது. 450 வாட் பெட்டியில் 41 வாட் என்பது பத்து சதவீதச் சுமையைக்கூடத் தொடாது. அந்த இடத்துக்கு அடிப்படை முத்திரை எந்த உறுதியும் தருவதில்லை. பெட்டி பெரிதானால் இந்தச் சதவீதம் இன்னும் இறங்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 750 வாட் பெட்டி வாங்கச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது மணிக்கணக்கு. தம்பி தினமும் இரண்டு மணி நேரம் விளையாடினால் மாதம் 9.7 யூனிட். கோப்புகள் இறங்கட்டும் என்று கணினியும் திரையும் பத்து மணி நேரம் சும்மா எரிந்தால் மாதம் 18.6 யூனிட், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அம்மாவிடம் தாளில் எழுதிக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இரவில் அணைத்துவிட்டுப் படு, ராசா" என்றார்.

நம் இலங்கையின் வீட்டு மின்பட்டியலில் இந்தப் பதினெட்டு யூனிட்டைச் சிறிதென்று விட முடியாது. 30, 60, 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. மேலே போகப் போக யூனிட்டின் விலை மட்டுமல்ல, நிலையான கட்டணமும் ஏறுகிறது. எங்கள் வீடு 120-க்குச் சற்று மேலே நின்று தடுமாறும் வீடு. கணினியில் மிச்சமாகும் யூனிட் எல்லாம் அந்த விலை கூடிய மேல் படிகளிலிருந்துதான் கழிகிறது.

செய்த மாற்றங்கள் எளியவை. பதினைந்து நிமிடம் தொடாவிட்டால் உறங்கும்படி வைத்தேன், உறக்கத்தில் கணினிக்கு 3 வாட்தான். திரையின் வெளிச்சத்தைக் குறைத்ததும் 21 வாட் 13 ஆனது. தம்பியின் விளையாட்டு திரையில் வரையும் படங்களை விநாடிக்கு 60 சட்டகத்தோடு நிறுத்தினேன். திரையே 60 ஹெர்ட்ஸ்தான், அதாவது விநாடிக்கு 60 படம்தான் காட்டும், அதற்கு மேல் வரைவதெல்லாம் வீண். 140 வாட் 105 ஆக இறங்கியது, அவன் கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. கணினி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் வந்து சேர்கிறது. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இந்த 35 வாட் குறைவு உடம்புக்கே தெரிகிறது.

இன்னும் தீராதது யுபிஎஸ். கணினியை அணைத்த பிறகும் அது மட்டும் 8.5 வாட் இழுக்கிறது. நாள் முழுவதும், மாதம் முழுவதும் என்றால் 6 யூனிட்டுக்கு மேல். கழற்றிவிடலாம் என்றால் ரவுட்டரும் அதில்தான் தொங்குகிறது, நெடுநாள் மின்னேற்றாமல் விட்டால் ஈய அமில பற்றரியும் கெட்டுவிடும். ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறிய பற்றரி ஒன்று தனியாக வாங்கி, பெரிய யுபிஎஸ்ஸைக் கணினி ஓடும் நேரத்தில் மட்டும் போட்டுப் பார்க்கப் போகிறேன். சிறிய பற்றரி சும்மா எவ்வளவு இழுக்கிறது என்பதையும் அதே மானியில் அளந்து எழுதுகிறேன்.