69.8: தேர்தல் வரைக்குமான நாட்குறிப்பு

ஆகஸ்ட் 16, 2024

நேற்று இலங்கை ஜனாதிபதித் தேர்தலுக்கு நியமனப் பத்திரம் கொடுப்பது முடிந்தது. 39 பேர். ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவுக்குக் கிடைத்திருப்பது எரிவாயு சிலிண்டர் சின்னம். 2022இன் எரிவாயு, பெற்றோல் வரிசைகள் ஒழிந்ததை அது நினைவூட்டும் என்று நம்பியிருப்பார்கள். விலையையும் அதேதான் நினைவூட்டும். இன்னும் 36 நாள்.

ஆகஸ்ட் 18

"பணவீக்கம் குறைந்தது என்கிறீர்கள், சாமான் விலை குறையவில்லையே?"

நியாயமான கேள்வி. ஆளும் தரப்பு மேடைகளில் இதற்கு ஒழுங்கான பதில் வராததுதான் எரிச்சலாக இருக்கிறது. 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வந்த கூடை, 2022 செப்டம்பரில் 169.80 ரூபாய். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் அந்த மாதப் பணவீக்கம் 69.8 வீதம். அடுத்த செப்டம்பரில் 1.3 வீதம். அதாவது கூடை ஏறக்குறைய 172. (அடிப்படை ஆண்டு இடையில் 2013இலிருந்து 2021க்கு மாறியதால் இந்தப் பெருக்கல் அண்ணளவானது.) வேகம் நின்றது, ஏறிய உயரம் அப்படியே இருக்கிறது. கூடையைத் திரும்ப 100க்கு இறக்க விலைகள் நாற்பது வீதத்துக்கு மேல் விழ வேண்டும். அப்படி விழுந்தால் கடைக்காரர் சரக்கு எடுக்கமாட்டார், கடன்காரர் எழும்பமாட்டார், சம்பளமும் கூடவே விழும்.

ஆகவே செய்யக்கூடியது வருமானத்தை 172க்கு உயர்த்துவது. அதில் இன்னும் வெகு தூரம் இருக்கிறது. விமர்சிப்பவர்கள் அந்த இடத்தில் அடித்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 19

சிலிண்டர், 12.5 கிலோ, கொழும்பு விலை. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493. 2022 ஜூலையில் 4,910. இப்போது 3,690. எதிர்த்தரப்பு முதலாவதையும் கடைசியையும் வாசிக்கிறது. ஆளும் தரப்பு நடுவில் உள்ளதையும் கடைசியையும் வாசிக்கிறது. 1,493 கட்டுப்பாட்டு விலை. இறக்குமதிச் செலவு அதைத் தாண்டிய பிறகு சிலிண்டர் கடையில் இருந்து மறைந்தது. இல்லாத சிலிண்டருக்கு விலை என்ன, மலிவு என்ன?

ஆகஸ்ட் 22

உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்துவிட்டது. 2023 மார்ச் 9இல் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலை நடத்தாததால் அடிப்படை உரிமை மீறப்பட்டிருக்கிறது. நிதி அமைச்சர் என்ற முறையில் ஜனாதிபதியும் அதற்குப் பொறுப்பு. திறைசேரியில் பணமில்லை என்ற வாதம் அன்றைக்கும் எடுபடவில்லை. இதற்கு வக்காலத்து வாங்க முடியாது. வாங்கவும் கூடாது.

ஆகஸ்ட் 23

நேற்றைய தீர்ப்பு இன்னும் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 27

எதிர்வாதங்களில் ஆகப் பலமானது இது: "வரிசை தானாகவே போனது. வெளிநாட்டுக் கடனைக் கட்டாமல் விட்டால் யாருக்கும் டொலர் மிஞ்சும்."

பாதி உண்மை. கடன் நிறுத்தம் 2022 ஏப்ரல் 12இல் வந்தது, ரணில் பதவிக்கு வருவதற்கு முன்னரே. மிச்சப் பாதி இதுதான். நிறுத்தியது இருதரப்பு, வணிகக் கடன்களை மட்டும். உலக வங்கிக்கும் ஆசிய அபிவிருத்தி வங்கிக்கும் தவணை தொடர்ந்து போனது. நிறுத்திய பிறகும் மே மாதத்தில் ஒரு நாளுக்கான பெற்றோலே கையிருப்பில் இருந்தது, ஜூன், ஜூலையில் வரிசை நீண்டுகொண்டே போனது. கடனைக் கட்டாதது மட்டும் போதுமென்றால் ஜூனிலேயே வரிசை கலைந்திருக்க வேண்டும்.

கலைத்தவை வேறு. 2022 ஜூலையில் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் அட்டை: வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. பதுக்கலும் மறுவிற்பனையும் அடங்கின. வட்டியை 15.5 வீதத்துக்கு ஏற்றி மத்திய வங்கி பொருட்களுக்கான கேள்வியை (தேவையை) அமுக்கியது. அது சிறு வியாபாரங்களைக் கொன்றது, மறைக்கத் தேவையில்லை. இந்தியா அந்த ஆண்டு தந்த ஏறக்குறைய 4 பில்லியன் டொலர் உதவியைச் சொல்லாமல் விடுவதும் நேர்மையில்லை. பிறகு 2023 மார்ச் 20இல் சர்வதேச நாணய நிதியத்தின் சுமார் 3 பில்லியன் டொலர் கடன், 48 மாதத்துக்கு.

வெளிநாட்டு நாணயக் கையிருப்பு இப்போது ஏறக்குறைய 6 பில்லியன் டொலர். அதில் சீன மக்கள் வங்கியின் நாணய மாற்று ஏறத்தாழ 1.4 பில்லியன், அதைச் செலவழிக்க நிபந்தனை உண்டு. மேடையில் 6 என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால், மற்றவர்கள் பிடித்துக்கொள்ள இடமிருக்காது.

ஆகஸ்ட் 30

ஆகஸ்ட் பணவீக்கம்: 0.5. கூடை இன்னும் 172ஐச் சுற்றித்தான்.

செப்டம்பர் 1

கியூஆர் முறை நீங்கி இன்றோடு ஒரு வருடம். ஒக்டேன் 92 பெற்றோல் நேற்று நள்ளிரவு முதல் 332. 2022 ஜூன் கடைசியில் 470. ஒருவரும் பேசவில்லை. வலி போன பிறகு மருந்தின் கசப்புத்தான் நாவில் நிற்கிறது.

செப்டம்பர் 5

தபால் மூல வாக்களிப்பு நேற்றுத் தொடங்கியது. அரச ஊழியர் வாக்கு, அதனால் பேச்செல்லாம் சம்பள வரி. கணக்கைப் போடாமலே கத்துகிறார்கள். மாதம் 1,00,000 வரை வரி இல்லை. அதற்கு மேல் வருடத்துக்கு 5,00,000 கொண்ட ஒவ்வொரு படிக்கும் 6, 12, 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36. மாதம் 1,50,000 எடுப்பவருக்கு வரி 3,500. 2,00,000 எடுப்பவருக்கு 10,500. நடுத்தரச் சம்பளத்தில் ஏறும் வேகம் கூடுதல்தான், 6க்கும் 36க்கும் இடையில் படிகள் மிகக் குறுகலானவை. படியை அகலமாக்கு என்று கேட்பது சரியான கோரிக்கை.

ஆனால் "வரியை எடுத்துவிடுவோம்" என்பவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். 2019 டிசம்பரில் வற் (பெறுமதி சேர்) வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கி, அடுத்த மாதம் சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அரச வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 வீதமளவுக்கு விழுந்தது. துண்டு விழுந்ததைக் காசு அச்சடித்து அடைத்தார்கள். அச்சடித்ததன் பெயர்தான் 69.8. இப்போது 2023இன் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டப்படி அரசுக்காக அச்சடிக்க முடியாது. நாணய நிதியத் திட்டப்படி 2025இல் உற்பத்தியில் 2.3 வீத முதன்மை மிகை வேண்டும், அதாவது வட்டியைச் சேர்க்காத செலவை விட வருமானம் அவ்வளவு கூட இருக்க வேண்டும். வரியைக் குறைத்தால் அது எங்கிருந்து வரும்?

செப்டம்பர் 8

ஊழியர் சேமலாப நிதி. 2023 உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் வங்கிகளை விட்டுவிட்டு, உழைப்பவரின் ஓய்வுகாலச் சேமிப்பான இந்த நிதியில் கை வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வங்கியில் கை வைத்தால் வைப்பாளர்கள் ஓடியிருப்பார்கள், அந்தக் காரணம் உண்மை. அங்கத்தவருக்கு 9 வீதம் என்ற உத்தரவாதமும் உண்மை. ஆனால் 69.8க்குப் பக்கத்தில் 9ஐ வைத்துப் பார்க்கும் தொழிலாளியிடம் இதையெல்லாம் சொல்ல வாய் வருவதில்லை.

செப்டம்பர் 12

பதின்மூன்று, அதாவது மாகாண சபைகளைத் தந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம். வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது. மாகாண சபைத் தேர்தலை முடக்கிய சட்டத்திருத்தம் 2017இல் வந்தது. அன்று பிரதமர் யார்? இதே ரணில். பொருளாதாரத்தில் எத்தனை சரியாகச் செய்தாலும் இந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது.

செப்டம்பர் 15

மின்கட்டணம்: 75 வீதமும் 66 வீதமும் ஏறியது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இந்த மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5 இறங்கியது நினைவில்லை. 13 மணி நேர மின்வெட்டும் நினைவில்லை.

செப்டம்பர் 19

இறையாண்மை முறிகளை (அரசு வெளிநாட்டுச் சந்தையில் விற்ற கடன்பத்திரங்களை) வைத்திருப்பவர்களுடன் கடன் மறுசீரமைப்புக்குக் கொள்கையளவில் உடன்பாடு. ஏறக்குறைய 12.5 பில்லியன் டொலர். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு என்பதால் நாடகம் என்பார்கள். கடன் தந்த அரசுகளின் உத்தியோகபூர்வக் கடன்கொடுநர் குழுவுடன் ஜூன் 26இலேயே கையெழுத்தானது, முறிக்காரர்களுடன் ஜூலை தொடக்கத்தில் வரைபு வந்தது. இது அதன் தொடர்ச்சி. யார் வென்றாலும் இந்தக் காகிதத்தை வைத்துத்தான் ஆள வேண்டும்.

செப்டம்பர் 20

வாக்குச்சீட்டு. 1 (அல்லது ஒரே ஒரு புள்ளடி) கட்டாயம், 2உம் 3உம் விருப்பம். 1 போடாமல் 2 மட்டும் போட்டால் செல்லாது. இரண்டு பேருக்குப் புள்ளடி போட்டாலும் செல்லாது. யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவருக்குமிடையில் 2, 3 எண்ணப்படும். அதனால் மற்ற இரண்டையும் வெறுமையாக விடாதீர்கள்.

நாளை வாக்களிப்பு, காலை 7 முதல் மாலை 4 வரை.