அந்த ஒரு அஸெர்ட் வரி

“சார், இந்தக் கண்டிஷன் பொய்யாப் போச்சுன்னா ப்ரோக்ராம் என்ன செய்யணும்?”

டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி, தான் எழுதிய அஸெர்ட் வரியைக் காட்டிக் கேட்டான். அஸெர்ட் என்றால் ஒரு கண்டிஷனைச் சோதித்து, அது பொய்யானால் ப்ரோக்ராமை அங்கேயே நிறுத்திவிடும் வரி. நான் ஸ்க்ரீனை விட்டுக் கண்ணை எடுக்காமலே, “ரிலீஸ் பில்டுல அந்த வரியே இருக்காதுப்பா, விடு” என்றேன்.

சொன்னதில் தப்பில்லை. சி மொழியில் என்டீபக் (NDEBUG) என்ற மேக்ரோவை வைத்து கம்பைல் செய்தால் அஸெர்ட் எதையும் சோதிக்காது. ப்ரோக்ராமைக் கட்ட உதவும் சிமேக் கருவி, கஸ்டமருக்குப் போகும் ரிலீஸ் பில்டில் அந்த மேக்ரோவைத் தானாகவே சேர்த்துவிடும். ஆனால் அவன் கேட்டது அதுவல்ல.

அவன் எழுதியது ஒரே வரி. தரவை நகலெடுக்கும் மெம்காப்பிக்குச் சற்று மேலே, ‘நீளம் பஃபரின் (தரவு போய்ச் சேரும் மெமரி இடத்தின்) அளவைத் தாண்டக் கூடாது’ என்று. சில வாரங்களில் கஸ்டமரிடம் ப்ரோக்ராம் விழுந்தது. விழுந்த இடமோ மெமரியைத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ ஃபங்ஷன், அந்த வரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மூலையில். இரண்டு நாள் அங்கேயே தேடினேன். அப்புறம் கஸ்டமர் திறந்த அதே கோப்பை, அஸெர்ட் வேலை செய்யும் டீபக் பில்டில் ஓட்டினேன். உடனே நின்றது. சோர்ஸ் கோப்பின் பெயர், வரி எண், உடைந்த கண்டிஷன் எல்லாம் திரையில். எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்று காட்டும் பேக்ட்ரேஸில், ப்ரோக்ராமை நிறுத்தும் அபார்ட்டைத் தாண்டிக் கீழே இறங்கினால் அவனுடைய வரி. நீளம் பஃபரைத் தாண்டி மெமரியைக் கெடுத்தது அங்கே; அது வெளியே தெரிந்ததுதான் ஃப்ரீயில்.

ப்ரோக்ராம் முடியும்போது விட்டுப்போகும் எண்ணான எக்ஸிட் கோட் இரண்டு முறையும் 134 தான். அதாவது 128, கூட அபார்ட் சிக்னலின் எண் 6. ‘அஸெர்ட் இருந்தால் கஸ்டமரிடம் ப்ரோக்ராம் நின்றுவிடும், சேமிக்காத வேலை போய்விடும்’ என்பதுதான் நான் எப்போதும் சொல்லும் நியாயம். அது இல்லாமலும் நின்றது. அதற்கு முன்னால் கெட்ட தரவை நல்ல கோப்பின் மேலேயே எழுதிவிட்டு நின்றது.

சரி, முறைப்படி பார்த்தால் அங்கே அஸெர்ட்டே பொருந்தாது. அந்த நீளம் கஸ்டமர் கோப்பின் ஹெடரிலிருந்து (தொடக்கப் பகுதியிலிருந்து) வருகிறது. வெளியிலிருந்து வரும் மதிப்பை இஃப் போட்டுச் சோதித்து எர்ரர் திருப்ப வேண்டும். நம் கோடே உறுதி தரும் விஷயத்துக்குத்தான் அஸெர்ட். இதைச் சொல்லிப் பலமுறை மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ‘பொய்யானால் என்ன செய்யணும்’ என்ற கேள்விக்கு அன்றே நின்று பதில் தேடியிருந்தால், இருவரும் அந்த இஃப்புக்குத்தானே வந்து சேர்ந்திருப்போம்?

இப்போது அங்கே இஃப் இருக்கிறது. மற்ற அஸெர்ட்களையாவது ரிலீஸில் விட்டுவைக்கலாமா என்று கேட்டு டீமுக்கு ஒரு மெயில் எழுதினேன். வேகம் குறையுமே என்று ஒரு நாள் நினைக்கிறேன், குறைந்தால் குறையட்டும் என்று மறுநாள். மெயில் ட்ராஃப்டிலேயே கிடக்கிறது.