தகட்டை மூடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்

சொந்தமாக விமானம் கட்டுகிறவர்கள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: இறக்கையின் கடைசித் தகட்டுக்கு ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) அடிப்பதற்கு முன்னால் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுவிடுங்கள். மூடிய பிறகு வந்தால், உள்ளே இருக்கும் வேலையில் பாதி அவர் கண்ணுக்கே எட்டாது.

நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் இலகு விமானச் சங்கமான எல்ஏஏ-வின் இன்ஸ்பெக்டர் கட்டம் கட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அமெரிக்காவில் அரசின் விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ சார்பில் ஒருவர் வந்து பார்ப்பது பெரும்பாலும் விமானம் முழுதாகத் தயாரான பிறகுதான். நடுவில் வந்து பார்த்து யோசனை சொல்ல, விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான ஈஏஏ-வின் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நடுவில் பார்ப்பதுதான் உயிரைக் காக்கும். சட்டம் கேட்காவிட்டாலும் நாமாகவே வரவழைக்க வேண்டும்.

என் விமானத்தைப் பார்க்கிற இன்ஸ்பெக்டர் வந்ததும் டார்ச்சையும் நீளக் காம்பு வைத்த சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு நேராக ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) பெல்கிராங்க், அதாவது அந்த மடலை அசைக்கும் நெம்பு மூட்டு, பக்கம் போய்விடுவார். போல்ட் சுழலக்கூடிய மூட்டு என்றால் அங்கே கேஸில் நட்டும் (மேல்விளிம்பில் வெட்டுகள் உள்ள நட்), அது கழலாமல் இருக்க அதன் குறுக்கே காட்டர் பின் என்ற கம்பி ஊசியும் இருக்க வேண்டும். வெறும் நைலான் லாக் நட் இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டார். மற்ற இடங்களில் லாக் நட்டுக்கு வெளியே போல்ட்டின் மரை ஒரு சுற்றாவது தெரிகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். அப்புறம் டார்க் சீல். சரியான டார்க்குக்கு, அதாவது குறித்த முறுக்கு அளவுக்கு, இறுக்கிய கையோடு, நட்டையும் அது உட்கார்ந்திருக்கும் பாகத்தையும் சேர்த்து இழுக்கிற வண்ணக் கோடு அது. நட் கொஞ்சம் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ரிவெட்டில் அவர் சொல்லித் தந்ததை நான் மறக்கவே மாட்டேன். 1/8 அங்குல ரிவெட்டை அடித்ததும் அடிபட்ட தலை சுமார் 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குல உயரமும் வர வேண்டும். அளவுக்கு ஒரு மயிரிழை முன்பின் இருந்தால் உடனே துளைத்து எடுக்கத்தான் கை பரபரக்கும். "விட்டுடுங்க, எடுக்கப் போனா ஓட்டை பெரிசாகிடும், அதுதான் பெரிய கெடுதல்" என்றார். எதைத் திருத்த வேண்டும் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். எதைத் தொடக்கூடாது என்பது பல விமானங்களைப் பார்த்தவர் பக்கத்தில் நின்றால்தான் பிடிபடும்.

கண்ட்ரோல்கள் சரியான திசையில் அசைகின்றனவா என்பதையும் அவரே பார்க்கட்டும். விமானி பிடித்து ஓட்டும் ஸ்டிக்கை இடப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் மேலே போக வேண்டும், வலது கீழே வர வேண்டும். சின்ன விஷயம்தானே என்று விடக்கூடாது. கட்டினவர் கண்ணுக்குத் தான் மாட்டினபடிதான் எல்லாம் சரியாகத் தெரியும்.

அவர் வருகிற அன்று ஆய்வு மூடிகளைக் கழற்றி வையுங்கள், வரைபடத்தை விரித்து வையுங்கள். சந்தேகமான இடத்தை மறைக்காமல் முதலில் அதையே காட்டுங்கள். அவர் சொல்வது வரைபடத்தோடு ஒத்துவராவிட்டால் தைரியமாகக் கேளுங்கள். நல்ல இன்ஸ்பெக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்களுக்குள் வரைபடம்தான் முதல். அதில் இல்லாததற்கு எஃப்ஏஏ-வின் ஏசி 43.13-1பி என்ற வழிகாட்டியைப் புரட்டுவோம். அதிலும் தீராவிட்டால் வடிவமைத்தவருக்கே எழுதிக் கேட்போம். பதில் வரும்வரை அந்த இடத்தில் யாரும் கை வைப்பதில்லை.