கச்சான் அடிக்கும் பக்கம்: சிம்கோ ஏரி நாட்குறிப்பு

செப்டம்பர் 28, சனி

ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து இருட்டோடு வெளிக்கிட்டு, வெளிச்சம் வரும் நேரம் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில், சிபால்ட் பொயின்ற் இறங்குதுறையில் வள்ளத்தைத் தண்ணீரில் விட்டோம். 16 அடி அலுமினிய வள்ளம், 40 குதிரைவலு எஞ்சின், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு சிறிய மின்மோட்டர். என்னோடு வரும் அண்ணை யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர், பெரிய கடலில் வலை இழுத்தவர். தூண்டிலைத் தொடுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, திரும்பி வாற வழி எது? அதை முதல் சொல்லு, மீனைப் பிறகு பாப்பம்."

இன்று தென்காற்று. இறங்குதுறை தென்கரையில் இருக்கிறது. காற்று நிலத்திலிருந்து ஏரிக்கு வீசும்போது கரையோரத் தண்ணீர் அசைவதே இல்லை. அதைப் பார்த்து நம்பித்தான் பலர் நடு ஏரிக்குப் போய்விடுகிறார்கள். வடக்கே ஓட ஓட, காற்றுக்குத் தண்ணீர்மேல் ஓடக் கிடைக்கும் தூரம் கூடும். அலையும் அதற்கேற்றபடி வளரும். போகும்போது முதுகில் காற்று, வள்ளம் சுகமாக ஓடும். வீட்டுக்குத் திரும்பும்போது ஒவ்வோர் அலையையும் முகத்தில் வாங்கவேண்டும்.

சிம்கோ 720 சதுர கிலோமீற்றருக்கு மேல் பரந்த ஏரி. பாரி நகரப் பக்கம் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 41 மீற்றர் வரை இறங்கினாலும் சராசரி ஆழம் 15 மீற்றர் அளவுதான். இங்கே அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். ஒன்றிலிருந்து வள்ளம் நிமிரமுதல் அடுத்தது வந்துவிடும். "கடல் தூக்கி இறக்கும், இது குத்தும்" என்கிறார் அண்ணை.

தண்ணீர் 18 பாகை செல்சியஸ். மீன்கள் இன்னும் கோடைக்கால இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. சிறிய ஸ்மால்மவுத் பாஸ் சில, கொஞ்சம் பேர்ச். மதியத்துக்குள் கரை ஏறினோம்.

அக்டோபர் 5, சனி

போகவில்லை. முன்னறிவிப்பு மேற்கிலிருந்து 35 கிலோமீற்றர் வேகம், இடையிடையே 50 வரை வீச்சு என்றது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 20 கிலோமீற்றர் காற்றில் மின்மோட்டர் வள்ளத்தை ஓரிடத்தில் பிடித்து வைக்கும். 40 இல் பற்றரிதான் செத்துப்போகும். பின்னேரம் ரீல்களில் புதுப் பின்னல்நூல் சுற்றி, முனையில் 8 இறாத்தல் ஃபுளோரோகார்பன் தங்கூசி கட்டிவைத்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

நன்றி நவிலல் வார இறுதி. மேற்கிலிருந்து 20 கிலோமீற்றர் வேகத்தில் சீரான கச்சான் காற்று, வானம் முழுக்க முகில், தண்ணீர் 14 பாகை. எனக்கு இதைவிட நல்ல நாள் வேண்டாம்.

இறங்குதுறையில் இருந்த பெரும்பாலான வள்ளங்கள் ஜோர்ஜினா தீவின் கிழக்குப் பக்க ஒதுக்குக்குப் போயின. நாங்கள் மேற்குப் புறம் போனோம். அங்கே கரையிலிருந்து தண்ணீருக்கடியில் நீளும் கற்பார், அதாவது பாறைத்திட்டு, ஒன்று 3 மீற்றரில் தொடங்கி, 8 மீற்றரில் சட்டென்று விழுகிறது. மணித்தியாலக் கணக்காக அலை அந்தப் பாரில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படி அடிக்கும் இடத்தில் சின்ன மீன்கள் நிலைகுலையும், பாஸ் அதைத் தேடி மேலே ஏறும். இன்னொரு காரணம் வெளிச்சம். 1990களில், தண்ணீரை வடிகட்டித் தின்னும் வரிக்குதிரை மட்டி இந்த ஏரிக்கு வந்ததிலிருந்து தண்ணீர் மிகவும் தெளிந்துவிட்டது. அமைதியான நாளில் பாஸ் வள்ளத்தைத் தூரத்திலேயே கண்டு விலகிவிடும். அலை மேற்பரப்பைக் குழப்பும்போது அந்தப் பயம் குறைகிறது. காற்றடிக்கும் பக்கத்தை நான் விடாமல் தேடிப் போவது இதனால்தான். அங்கே பாதுகாப்பாக நிற்கத் தெரியாவிட்டால் இந்த அறிவால் ஒரு பயனும் இல்லை.

நங்கூரம் போடவில்லை. காற்றோடு மிதக்கவிட்டு, வேகத்தைக் குறைக்க ட்ரிஃப்ட் சாக்கை இறக்கினோம். தண்ணீரை வாங்கி விரியும் ஒரு துணிப்பை அது, காற்று வரும் பக்கத்தில் கட்டவேண்டும். அது இல்லாமல் மிதந்தால் தூண்டில் அடியைத் தொடமுதலே பார் முடிந்துவிடும். நங்கூரம் போடவேண்டிய நாளில் அணியத்தில் மட்டுமே கட்டுவோம், ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட்டு. பின்பக்கத்தில் கட்டினால், எஞ்சின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் விளிம்பைக் கயிறு இன்னும் கீழே இழுக்கும். அலை நேரே உள்ளே வரும்.

போட்டது பச்சைப் பழுப்பு ரியூப், குழாய் வடிவ மென்மையான செயற்கை இரை, உள்ளே முள்ளுடன் ஈயத்தலை. அதைத் துள்ளவிடாமல் கல்லின்மேல் இழுத்தோம். ஏனென்றால் இங்கே பாஸ் தின்பது கோபி என்ற சின்ன மீன். கோபிக்குக் காற்றுப்பை கிடையாது. அது மிதக்காது, கல்லோடு ஒட்டியே தத்தித் தத்தி நகரும். கருங்கடல், கஸ்பியன் பக்கத்து மீன் அது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றும் பாரத்தண்ணீரோடு வட அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்தது. சிம்கோவுக்குள் விழும் பெஃபர்லோ ஆற்றில் 2004 இல் அதைக் கண்டார்கள். 2005 இல் ஆற்றில் ரோட்டினோன் நஞ்சு இட்டு ஒழிக்கப் பார்த்தார்கள். 2006 இல் அது ஏரிக்குள் வந்துவிட்டது.

பாஸ் அதைத் தின்று கொழுத்தது உண்மை. 2022 நவம்பரில் ஈரி ஏரியின் ஒன்ராறியோப் பக்கத்தில் 10.15 இறாத்தல் ஸ்மால்மவுத் பிடிபட்டதற்கும் கோபிதான் காரணம் என்று தூண்டில்காரர் பலரும் நம்புகிறோம். ஆனால் அதே கோபி பாஸின் முட்டைகளையும் தின்கிறது. வசந்தத்தில் கூட்டைக் காக்கும் ஆண்மீனைத் தூண்டிலில் தூக்கினால், சில நிமிடங்களிலேயே கோபிகள் கூட்டுக்குள் புகுந்துவிடும். ஜூனில் பருவம் திறக்கும்வரை பாஸ் பிடிக்கத் தடை இருப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

இன்றைய பெரியது 5 இறாத்தல் 6 அவுன்ஸ். இந்தக் குளிரில் அப்படி வளரப் பத்து ஆண்டுக்கு மேலும் எடுக்கும். எடை பார்த்து, படம் எடுத்து, விட்டோம். தனக்குக் கறிக்குப் பேர்ச் போதும் என்றார் அண்ணை.

அக்டோபர் 26, சனி

மருமகன் வந்தான். பதினேழு வயது, படகு ஓட்டும் அட்டை எடுத்திருக்கிறான். இங்கே எஞ்சின் பூட்டிய எந்த வள்ளத்தை ஓட்டவும் 2009 இலிருந்து எல்லோருக்கும் அது வேண்டும். அட்டைக்குப் படித்ததில் இல்லாதது இன்றைய வடமேற்குக் காற்று.

மேற்பரப்புத் தண்ணீர் 11 பாகைக்குக் குளிர்ந்து, கீழுள்ளதோடு கலந்துகொண்டிருக்கிறது. கோடை முழுவதும் இளஞ்சூட்டு நீர் மேலேயும் பாரமான குளிர்நீர் கீழேயுமாக இருக்கும். மேல்நீர் குளிர்ந்து பாரமாகும்போது அந்த அடுக்கு உடைகிறது, காற்று முழு ஏரியையும் புரட்டிவிடுகிறது. இந்த நாட்களில் மீன் எங்கே நிற்கும் என்று சொல்வது கடினம். பிடிபட்டது குறைவு, ஆனால் வள்ளம் ஓட்டப் பழக நல்ல நாள்.

காற்றுக்கு எதிரே போகும்போது அலையை நேரே குத்தாமல் சற்றுச் சரிவாக வாங்கச் சொன்னேன். ட்ரிம்மை, அதாவது எஞ்சினின் சாய்வை, இறக்கி அணியத்தைத் தாழ்த்தி, அலை வரும்போது வேகத்தைக் குறைத்து, கடந்ததும் சற்றுக் கூட்டி. அதை விரைவாகவே பிடித்துக்கொண்டான். திரும்பும்போது அலை பின்னாலிருந்து வந்தது. ஆபத்து அதில்தான் கூட. வள்ளம் அலையைவிட வேகமாக ஓடி முன்னால் உள்ளதன் முதுகில் அணியத்தைச் செருகக்கூடும். மெதுவாகப் போனால் பின்னால் வருவது பின்பக்கத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடும்.

"மாமா, வேகத்தைக் கூட்டவா குறைக்கவா?"

"முன்னுக்குப் போற அலையின்ரை முதுகிலையே இரு. அதைத் தாண்டாதை, அதுக்குப் பிந்தவும் விடாதை."

அணியத்தைக் கொஞ்சம் உயர்த்தும்படி ட்ரிம்மை மாற்றினான். அண்ணை நடுவில் தரையோடு இருந்தார், எழும்பவே இல்லை. எஞ்சினை நிறுத்தும் கயிறு மருமகனின் மணிக்கட்டில். அதைக் கட்டாமல் சாவியைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் வள்ளத்தின் சட்டம்.

நவம்பர் 9, சனி

தண்ணீர் 8 பாகை. காற்று இல்லை என்றே சொல்லலாம். பாஸ் கூட்டங்கூட்டமாகப் பார் விளிம்புகளின் அடியில் சேர்ந்துவிட்டது. சோனாரில் 13 மீற்றரில் ஒரு பெரிய கூட்டம் தெரிந்தும் அதன்மேல் தூண்டில் போடவில்லை. அந்த ஆழத்திலிருந்து தூக்கினால் காற்றுப்பை ஊதி, விட்ட மீன் கீழே இறங்கமுடியாமல் மேற்பரப்பில் கிடந்து துடிக்கும். விடப்போகும் மீனுக்கு அந்தக் கதி வேண்டாம். 7 மீற்றரில் நின்றவற்றைப் பிளேட் என்ற தட்டையான உலோக இரையால் பிடித்தோம். நிறையக் கிடைத்தது.

மனித்தோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் சொன்ன 1-10-1 கணக்கை மருமகனிடம் இன்று திரும்பவும் சொல்லவைத்தேன். குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் சொல்வழி கேட்பது 10 நிமிடம், உடல் குளிர்ந்து நினைவு போவதற்கு 1 மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலம் மிதவை அங்கி போட்டவருக்கு மட்டுமே. போடாதவர் அதற்கு வெகுமுன்பே, கை ஓய்ந்ததும், தாழ்ந்துவிடுவார். சட்டம் ஆளுக்கொன்று வள்ளத்தில் இருந்தால் போதும் என்கிறது. இருக்கைக்குக் கீழே கிடப்பதை விழுந்த பிறகு எடுத்துப் போட முடியாது. நாங்கள் இறங்குதுறையில் போட்டுக் கரை ஏறிய பிறகுதான் கழற்றுகிறோம், இன்றுபோல அலையே இல்லாத நாளிலும்.

நவம்பர் 17, ஞாயிறு

வள்ளத்தைக் குளிர்காலத்துக்குக் கட்டியாயிற்று. எரிபொருளில் நிலைப்படுத்தி ஊற்றி எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினேன். பிறகு உள்ளே நின்ற தண்ணீர் முழுவதும் வடியட்டும் என்று நிமிர்த்தியே விட்டேன், உறைந்தால் வார்ப்பு வெடிக்கும். கியர் எண்ணெயை வடித்துப் பார்த்தேன், பால்நிறம் இல்லை, தண்ணீர் புகவில்லை. பற்றரிகள் நிலவறையில். ட்ரிஃப்ட் சாக்கில் ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது. கடையில் கொடுக்கவேண்டாம், வலைநூலால் தானே தைப்பதாகச் சொல்லி அண்ணை எடுத்துக்கொண்டு போனார்.