இருபது புளியங்கொட்டை

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் எங்கள் தெருமுனையில் ஒரு பள்ளிக்கூடம் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தது. ஏழாவது படிக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ அதுதான்ப்பா நல்ல ஸ்கூல்?" என்றாள். எத்தனை பேர் எழுதினார்கள் என்று தெரியாமல் எப்படிச் சொல்வது, 12 பேர் எழுதி ஒரே ஒருவன் கோட்டை விட்டால் நூறு சட்டென்று 91.7 ஆகிவிடும், 480 பேர் எழுதுகிற பள்ளியில் அதே ஒருவனால் 99.8தான் ஆகும், அதனால் பட்டியலின் உச்சியிலும் அடியிலும் சின்னப் பள்ளிகள்தான் அதிகம் வந்து நிற்கும் என்று நானும் மூச்சு விடாமல் விளக்கினேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும்.

அவளைக் குறை சொல்ல முடியாது. கானமன், ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1972இல் எழுதிய ஒரு கட்டுரையில் புகழ்பெற்ற ஒரு கேள்வி உண்டு: ஒரு ஆஸ்பத்திரியில் நாளுக்குச் சுமார் 45 குழந்தைகள் பிறக்கின்றன, இன்னொன்றில் 15. ஓராண்டில், பிறந்தவற்றில் 60 சதவீதத்துக்கு மேல் ஆண் குழந்தைகளாக இருந்த நாட்கள் எங்கே அதிகம்? பதில் சொன்ன 95 மாணவர்களில் 53 பேர் இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான் என்றார்கள். கல்லூரியில் முதன்முதலாகக் கேட்டபோது நானும் அதையேதான் சொன்னேன். கணக்குப் போட்டால் சின்ன ஆஸ்பத்திரியில் சுமார் 55 நாள், பெரியதில் 25 நாள்தான் வரும்.

சரி, வாயால் சொல்லி ஆகாது என்று அம்மாவின் தாயக்கட்ட டப்பாவை எடுத்தோம். ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகள். நான் வைத்த ஒரே விதி, போடுவதற்கு முன்னால் என்ன விழும் என்று நோட்டில் எழுதிவிட வேண்டும். (இது முக்கியம். விழுந்த பிறகு கேட்டால் எல்லாருக்கும் எல்லாமே முன்னாடியே தெரிந்துதான் இருக்கும்.) நான்கு கொட்டையை 40 தடவை போட்டதில் ஆறு தடவை எல்லாம் ஒரே நிறம். அடுத்து இருபதை ஒன்றாகப் போட்டோம், அதுவும் 40 தடவை. ஒரு தடவைகூட ஒரே நிறமாக விழவில்லை, வெள்ளை பெரும்பாலும் 10க்கும் 14க்கும் நடுவிலேயே நின்றது.

நான் காட்ட நினைத்தது அவ்வளவுதான். ஆனால் அவள் ஒவ்வொரு முறையும் "10 வெள்ளை" என்று எழுதி எழுதித் தோற்றுக்கொண்டே வந்து, பாதியில் எரிச்சலாகி 12 என்று மாற்றிக்கொண்டாள். கடைசியில் கூட்டினால் 800இல் 483 வெள்ளை. "கொட்டை ஏமாத்துதுப்பா!" நான்கு கொட்டையை மட்டும் போட்டிருந்தால் இது எங்கள் கண்ணில் பட்டிருக்கவே செய்யாது, அதையும் அவளே சொன்னாள். அம்மா வெற்றிலையை மடித்தபடி, "உரசின பக்கந்தான் மேல விழும், இதுக்கு நோட்டு எதுக்கு?" என்றார்.

அப்படியென்றால் இன்னும் ஆழமாக உரசினால் வெள்ளை இன்னும் கூடுமா என்பது இப்போதைய கேள்வி. பதினைந்து என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாயிற்று. நேற்று சாயங்காலத்திலிருந்து மொட்டைமாடியில் சரசரவென்று சத்தம் கேட்கிறது.