ஜான்சி ராணி படை: ஒரு வாரக் குறிப்புகள்

அக்டோபர் 17, 2023

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு 80 வருடம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென்று இருந்த படைதான் ஜான்சி ராணி படை. சிங்கப்பூர் வாட்டர்லூ தெருவில் அதன் பயிற்சி முகாமை நேதாஜி திறந்து வைத்தது 1943 அக்டோபர் 22. முந்தின நாள்தான் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்திருந்தார். இந்த வாரம் இதைப் பற்றி மட்டுமே எழுதப் போகிறேன்.

அக்டோபர் 18

முகாமுக்கு முன்பே, ஜூலை 12 அன்று பெண்கள் கூட்டம் ஒன்று நடந்தது. சென்னையில் படித்து 1940-இல் சிங்கப்பூர் வந்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் (பின்னால் இந்தப் படையின் தலைவி), 20 பெண்களைத் திரட்டி நேதாஜிக்கு அணிவகுப்பு மரியாதை தர வைத்தார். எல்லாரும் புடவையில். கையில் .303 துப்பாக்கி, ஏறக்குறைய 4 கிலோ கனம். தோளில் முந்தானை நழுவாமல் அதைத் தூக்கி நிறுத்தப் பழகியிருக்க வேண்டுமே!

அக்டோபர் 20

முகாமில் புடவை போய், காக்கிக் கால்சட்டையும் பூட்ஸும் வந்தன. பலர் முடியைக் கத்தரித்துக்கொண்டார்கள். காலையில் உடற்பயிற்சி, பிறகு டிரில், துப்பாக்கி சுடுதல், பயோனெட் பாய்ச்சல், கையெறி குண்டு, மூட்டை சுமந்து நெடுநடை. இந்துஸ்தானி வகுப்பும் உண்டு, ரோமன் எழுத்தில். படையில் பெரும்பாலோர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். விடியுமுன் ஆளெண்ணிக்கை எடுக்கும் பெரட்டுக்களத்தில் கங்காணி முன்னால் நின்று, வாளியோடு பால்மரம் வெட்டப் போனவர்கள்.

சோற்றுக்காகத்தான் சேர்ந்தார்கள் என்று சிலர் பேசுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. மலாயா ஜப்பான்காரன் பிடியில் இருந்த காலம். வீட்டில் மரவள்ளிக்கிழங்கு, ஆண்களை சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு ரயில் பாதை போட இழுத்துப் போயிருந்தார்கள். பசி இருந்தது, உண்மைதான். பசித்தவளுக்குத் தன்மானம் இருக்காதா? யாரோ அதட்டி வேலை வாங்கிய தோட்டத்திலிருந்து வந்து, வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி பிடிக்கிறோம் என்று நின்றவர்கள் அவர்கள்.

அக்டோபர் 22

பயிற்சி முடித்தவர்களில் ஒரு பகுதியினர் பர்மா போனார்கள். இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால் போர்முனைக்குப் போகும் வாய்ப்பு வரவில்லை. மேமியோவில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது, குண்டுவீச்சுக்குப் பயந்து இரவில் நடந்தார்கள்.

படையில் இருந்தவர்களில் லட்சுமியை, ஜானகி தேவரை, ராசம்மா பூபாலனை நமக்குத் தெரியும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து போனவர்களில் எத்தனை பேரின் பெயர் தெரியும்? உங்கள் பாட்டியோ பாட்டியின் அக்காவோ அந்தப் படையில் இருந்திருந்தால், பெயரையும் தோட்டத்தின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றைக்கே எழுதி வையுங்கள். பழைய படம் இருந்தால் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள், பெயர் எழுதியிருக்கலாம்.